துரையின் இடப்பக்க நாற்காலி

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரும் நானும் சண்டை போடாத விஷயம் குறைவு. குழம்புக்கு உப்பு, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, மழைக்காலத்தில் துணி காயப்போடும் இடம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு வந்த சண்டைதான் பெரிய சண்டை. அது ஒரு சீட்டைப் பற்றியது. ராசா, ராணி என்று கௌரவமான சீட்டுகூட இல்லை. துரும்பில் ஒரு நான்கோ ஐந்தோ. அதை ஆட்டத்தின் முதல் சீட்டாக இறக்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு.

பிரிட்ஜ் ஆடத் தெரியாதவர்கள் பயந்து எழுந்து போக வேண்டாம். ஆடுவது நான்கு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு; நாலு பேரும் ஆளுக்கொன்று இறக்கும் சுற்றைப் பெரிய சீட்டு எடுத்துக்கொள்வதுதான் பிடி. முதலில் கேள்வி நடக்கும்: ஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நாலு இனத்தில் எது துரும்பாக இருந்தால் எத்தனை பிடி எடுப்போம் என்று ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்பார்கள். துரும்பு என்றால் மற்ற இனங்களை வெட்டும் இனம். துரும்பில் வெறும் இரண்டு போதும், இன்னொரு இனத்தின் ஏஸையே வெட்டிவிடும். கேள்வியில் வென்றவர் ஆடுவார். அவருடைய ஜோடி தன் சீட்டுகளை மேசையில் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். ஆனால் டம்மி விரிவதற்கு முன்னால், ஆடுகிறவரின் இடப்பக்கம் இருக்கிறவர் முதல் சீட்டை இறக்கியாக வேண்டும். யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கேள்வியில் காதில் விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இறக்கும் சீட்டு அது. குடும்பத்தில் விரிசல் விழுவது அந்த இடத்தில்தான்.

துரும்பை முதலில் இறக்க யாருக்கும் இலேசில் மனம் வராது. எதிராளியின் பலமான இனத்தை நாமே எடுத்துக் கொடுப்பதுபோல இருக்கும். பெரும்பாலான சமயம் அது முட்டாள்தனமும்கூட. ஆனால் ஒரு சமயம் அதைவிட்டால் வேறு மருந்து கிடையாது. ஆடுகிறவர் இரண்டு இனம் கேட்டிருக்கிறார். அவருடைய ஜோடி, முதல் இனமே போதும் என்று பின்வாங்கியிருக்கிறார். அந்த இரண்டாவது இனமோ நம் கையில் கனமாக இருக்கிறது. அப்படியென்றால் டம்மியில் அந்த இனம் குறைவாக இருக்கும். ஆடுகிறவர் தன்னிடம் தோற்கப்போகும் சீட்டுகளை எல்லாம் டம்மியின் சின்னத் துரும்புகளால் வெட்டிக்கொண்டே போவார். நாம் முந்திக்கொண்டு துரும்பு இறக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் டம்மியிலிருந்து ஒரு துரும்பு கழன்றுவிடும். பிறகு வெட்டுவதற்குக் கத்தி இருக்காது.

இதை எங்களுக்குச் சொல்லித்தந்தது ஸ்டாஃப் கிளப்புக்கு வந்துபோன, தோட்டத்தில் மருந்து கொடுத்த பழைய டிஸ்பென்சர் ஐயா. றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு வேலை. என் வீட்டுக்காரர் ஃபெக்டரியில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். நான் பிள்ளைமடுவத்தில், கொழுந்துக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தேன். முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடித் திரிந்த மனுஷரை டிஸ்பென்சர் ஐயா பிரிட்ஜுக்கு இழுத்தார். நாலாவது ஆள் கிடைக்காமல் என்னையும் இழுத்தார். ஊர் வாய் கொஞ்ச நாள் அதைப் பேசியது. அப்புறம் பேச வேறு விஷயம் கிடைத்தது, விட்டுவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனது பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். அதுவரைக்கும் தோட்டத்து மேனேஜர் துரை சனிக்கிழமையானால் ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே பிளாண்டர்ஸ் கிளப்புக்குப் போய்விடுவார். அவருக்கு பிரிட்ஜ் என்றால் உயிர். பெட்ரோல் இல்லாமல் மலையில் மாட்டிக்கொண்டதும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கொழும்பில் இருந்த அவர் மனைவி துரைசாணியும் அப்போது பங்களாவுக்கே வந்திருந்தார். இரண்டு பேர் ஆயிற்று. தோட்டத்தில் வேறு யாருக்கு ஆடத் தெரியும் என்று விசாரித்ததில் எங்கள் பெயர் போயிருக்கிறது.

முதல் சனிக்கிழமை பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு மேசை தயாராக இருந்தது. என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. ஃபெக்டரியில் அத்தனை வருஷம் துரைக்கு முன்னால் நின்றே பேசிய மனுஷர். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. துரை சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் நம்மைவிடச் சரளம். ஏசும்போது இன்னும் சரளம்.

“ஒக்காருங்க டீமேக்கர். நீங்க நின்னுகிட்டு இருந்தா நான் எப்பிடிச் சீட்டுப் போடுறது?”

பக்கத்தில் இருந்த நாற்காலியின் நுனியில் அவர் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். அது துரையின் இடப்பக்க நாற்காலி. நான் எதிரே, துரைசாணியின் இடப்பக்கம். யாரும் யோசித்துப் போட்ட திட்டமில்லை. ஆனால் அன்றைக்கு உட்கார்ந்த இடம்தான் பிறகு எப்போதும். அதனால் துரை ஆடும்போதெல்லாம் முதல் சீட்டு இறக்குவது என் வீட்டுக்காரர். துரைசாணி ஆடினால் நான்.

இனி வீட்டு விஷயம். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் தோட்டத்து வழக்கம். நிவித்திகலப் பக்கம் எங்களுக்கு ஒரு காணித் துண்டு இருந்தது. கிணறுகூட வெட்டியாயிற்று. பிறகு ஒரு பெருமழைக்கு மேட்டில் வெடிப்பு விழுந்தது. மண்சரிவு பார்க்க வந்த அதிகாரிகள், இங்கே கோழிக்கூடுகூடக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் பலாங்கொடையில் மாமியார் வீட்டில், இரண்டு அறையில் ஆறு பேரோடு இருக்கிறாள். ஆக, எங்களுக்குப் போக இடமில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் பங்களாவுக்குப் போய்வந்த வரைக்கும் துரை குவார்ட்டர்ஸ் பேச்சை எடுக்கவில்லை. புது டீமேக்கர் கல்யாணம் ஆகாத பையன். ஃபெக்டரிக்குப் பக்கத்து அறையிலேயே இருந்துகொண்டான். எங்கள் தலைக்கு மேல் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது ஐம்பத்திரண்டு சீட்டு.

துரை ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கையில் இரண்டு நீளமான இனம் வந்துவிட்டால் கண் மின்னும். இரண்டையும் கேட்பார். துரைசாணி ஏதாவது ஒன்றுக்கு இறங்கி வந்ததும் நாலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். அப்புறம் டம்மியில் வெட்டு, வெட்டு என்று வெட்டி மேசையை அதிரவைப்பார். டிஸ்பென்சர் ஐயா சொன்ன அடையாளம் எல்லாம் அச்சுப் போல இருக்கும். என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். தெரிந்தும் துரும்பைத் தவிர மற்ற மூன்று இனத்திலும் ஏதாவது ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மெத்தென்று கீழே வைப்பார்.

முதல் மாதம் நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, பங்களாவிலிருந்து இறங்கி வரும் வழியில், காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே வாய்க்கு வந்ததைக் கேட்டேன். கண் தெரியவில்லையா, காது கேட்கவில்லையா என்றேன். அவர் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“வீட்டுல இருக்கணுமா, பிடி எடுக்கணுமா? ஒண்ணச் சொல்லு.”

ஆனால் அவருக்கு வெறும் வீட்டுப் பயம் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். துரையைத் தோற்கடிப்பது அவர் உடம்புக்கே ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை தவறிப்போய், கேட்ட பிடி கிடைக்காமல் துரை விழுந்துவிட்டார். இவர் “சொறி சேர்” என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிடி எடுத்த ஆட்டக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் அப்படி இல்லை. துரைசாணி ஆடும்போது எனக்கு யார் மேலும் பயம் கிடையாது; குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லும் அதிகாரம் துரைசாணிக்கு இல்லையே. துரும்பு இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினேன். அவர் டம்மியில் வெட்டலாம் என்று வைத்திருந்ததெல்லாம் வெட்டாமல் வீணாயிற்று. கேட்ட பிடியில் ஒன்று குறையும், இரண்டு குறையும். அப்போதெல்லாம் துரை நாக்கைச் சப்புக் கொட்டி, மனைவிக்குப் பாடம் எடுப்பார். இதே மாதிரிக் கை வந்தால் தான் எப்படி எடுத்தேன் என்று போன வாரத்து ஆட்டத்தைச் சொல்லிக் காட்டுவார். மூளை வேண்டும், தைரியம் வேண்டும் என்பார். துரைசாணி சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்கு அது பாவமாக இருந்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது அவ்வளவாக இல்லை. நன்றாக ஆடினேன் என்ற நினைப்பில் உச்சி குளிர்ந்துபோய் இருந்தேன். ஒரே மேசையில் துரைக்கு ஒரு ஆட்டமும் துரைசாணிக்கு இன்னொரு ஆட்டமும் நடக்கிறது என்பது, அதை நடத்துகிற எங்களுக்கே மெதுவாகத்தான் உறைத்தது.

பெட்ரோல் வந்தது. துரை கிளப்புக்குத் திரும்பிப் போய்விடுவார், எங்கள் கதை முடிந்தது என்று பயந்தேன். அவர் போகவில்லை. கிளப்பில் தோற்ற மனுஷர், வீட்டில் வாராவாரம் ஜெயிக்கிறார், எதற்குப் போவார்? துரைசாணியும் சனி ஞாயிறு கொழும்பிலிருந்து வந்துபோனார். துரைக்குத் தன் ஆட்டத்தில் நம்பிக்கை வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில், கொழும்பில் நடந்த ஒரு ஜோடிப் போட்டிக்குத் துரைசாணியையும் பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரின் தோளில் தட்டி, உங்களோடு ஆடித்தான் இவ்வளவு தேறினேன் என்றார். இவர் அந்தத் தோளை மூன்று நாள் தடவிக்கொண்டிருந்தார்.

கொழும்பில் துரை கடைசிக்கு ஒன்று முன்னால் வந்தார். அதை அவர் சொல்லவில்லை, துரைசாணி சொன்னார். திரும்பி வந்த அந்தச் சனிக்கிழமை, தேநீர் எடுக்கப் போவதுபோல என்னை பங்களாவின் பேன்ட்ரிக்குள் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வது. துரை இரண்டு இனம் கேட்ட ஒவ்வொரு கையிலும், முன்பின் தெரியாத மனிதர்கள், வயதான அம்மாக்கள்கூட, முதல் சீட்டே துரும்பாக இறக்கினார்களாம். துரைக்குக் கை உதறிப்போய்விட்டதாம். வரும் வழியெல்லாம் துரை, நீ டம்மியைச் சரியாக விரிக்கவில்லை என்கிற அளவுக்கு, துரைசாணியைத்தான் ஏசிக்கொண்டு வந்தாராம். அதைச் சொல்லிவிட்டு, துரைசாணி கப்பில் சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே கேட்டார். நீங்கள் எனக்குத் துரும்பு இறக்குகிறீர்கள். உங்கள் மிஸ்டர் ஏன் ஒரு நாளும் இவருக்கு இறக்குவதில்லை?

பொய் சொல்ல யோசித்தேன். நல்ல பொய் எதுவும் வரவில்லை. அவருக்குப் பயம் மேடம் என்றேன். என்ன பயம் என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் என்றேன். அவர் சீனி கலக்குவதை நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமை நாற்காலியை மாற்றிப் போடலாம், நீங்கள் அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள் என்றார். தோற்கடிக்கச் சொல்லவில்லை. சரியாக ஆடினால் போதும் என்றார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

அந்த வாரம் பார்த்துத்தானா புது டீமேக்கருக்குக் கல்யாணம் நிச்சயமாக வேண்டும்! தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் எங்கள் வாசலுக்கே வந்து நின்றார். பையன் குவார்ட்டர்ஸ் கேட்கிறான், தையில் கல்யாணம், துரையிடம் சொன்னேன், சனிக்கிழமை போகட்டும் திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார் என்று சொல்லிவிட்டு, எங்கள் கூரையை, கழுவி வெள்ளையடித்த சுவரை, பின்பக்கத்துக் கொய்யா மரத்தை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். சாமான் வாங்க வந்தவர் பார்ப்பதுபோல இருந்தது. கிளாக்கர் போனதும் என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை துரை மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அவர் பேச்சு.

பேன்ட்ரியில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நீ அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது, காய்ச்சல் என்று படுத்துவிடு என்றார். நான் படுக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவுமில்லை. மகள் பிறந்த வீடு அது. அதைவிட்டு இந்த வயதில் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு யார் வீட்டு மூலைக்குப் போவது என்று நினைக்கும்போதெல்லாம் அழுகை வந்தது. அதே சமயம், மனைவியை முட்டாள் என்று வாராவாரம் ஏசுகிற ஒரு மனுஷர், எங்கள் தயவில் ஏசுகிறார் என்பதும் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

சனிக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. துரைசாணி, சாரல் அடிக்கிறது என்று சொல்லி நாற்காலிகளை இழுத்து மாற்றினார். என்னைத் துரைக்கு இடப்பக்கம் உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் எதிரே போய் உட்கார்ந்து, சீட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். முதல் சில கைகள் ஒன்றுமில்லாமல் போயின. எங்கள் பக்கம் ஆட வந்தது, துரைசாணி ஒன்று ஆடினார். அப்புறம் அந்தக் கை வந்தது.

துரை ஸ்பேட் கேட்டார். துரைசாணி வேறு ஏதோ கேட்டார். துரை டைமன் கேட்டார். துரைசாணி மறுபடி ஸ்பேட்டுக்கே வந்தார். துரை ஒரு பெருமூச்சு விட்டு நாலு ஸ்பேட் என்று நிறுத்தினார். ஆறுக்கு மேல் நாலு, அதாவது பத்துப் பிடி எடுக்க வேண்டும். நாங்கள் நான்கு எடுத்துவிட்டால் அவர் விழுந்தார். என் கையைப் பார்த்தேன். டைமனில் ராசா, ராணி, பத்து, ஒன்பது. துரும்பில் எட்டும் ஐந்தும். டிஸ்பென்சர் ஐயா எழுந்து வந்து கரும்பலகையில் எழுதிக் காட்டியது மாதிரி இருந்தது.

துரைசாணி தன் சீட்டுகளை மார்போடு வைத்துக்கொண்டு, விரிப்பதற்காகக் காத்திருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை; அதுவே கேட்பது மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அது ஆட்டத்தில் கள்ளத்தனம், ஆனால் அவர் அப்போது ஆட்டத்தில் இல்லை. லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் ஏற்றினேன். கட்டில், தையல் மெஷின், சாமி படம் எல்லாவற்றையும் ஏற்றி, பலாங்கொடை மாமியார் வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டு, போனால் போகட்டும் என்று ஸ்பேட் ஐந்தை எடுத்து மேசையில் வைத்தேன். இவ்வளவு பயந்து நான் என் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை, பிள்ளை பெற்றதைத் தவிர.

துரை அந்த ஐந்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கொழும்பில் பார்த்த சீட்டு அல்லவா? துரைசாணி டம்மியை விரித்தார். டைமனில் குறைவே இல்லை. மூன்று டைமன், அதில் ஏஸும் ஜேக்கும். துரைக்கு எதையும் வெட்டத் தேவையே இல்லை. அவருக்கு இருந்த ஒரே தலைவலி துரும்பு ராணி. ராணி என் வீட்டுக்காரர் கையில், ஒன்பதும் மூன்றும் காவலோடு, பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். நான் வேறு எதை இறக்கியிருந்தாலும், துரை வழக்கம்போல ஏஸையும் ராசாவையும் அடித்துப் பார்த்திருப்பார், ராணி தப்பியிருப்பாள், எங்களுக்கு நாலாவது பிடி அவள்தான். என் ஐந்துக்கு என் வீட்டுக்காரர் ஒன்பதைப் போட வேண்டியதாயிற்று. துரை அதைப் பத்தால் எடுத்தார். பிறகு ஏஸ். பிறகு ராசா. ராணி மொட்டையாக வந்து விழுந்தாள்.

மிச்சத்தில் எங்களுக்கு வர வேண்டியது மூன்று பிடி, வந்தது. துரைக்குச் சரியாகப் பத்து.

மலையே அதிரச் சிரித்தார் துரை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. “பாத்தீங்களா மிஸ்? துரும்பு எறக்கினாலும் நான் எடுப்பேன்,” என்றார். மனைவி பக்கம் திரும்பி, சிங்களத்தில், கொழும்பில் நீ சரியாக ஆடியிருந்தால் இதேதான் நடந்திருக்கும் என்றார். துரைசாணி டம்மியின் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை என்றால்கூடத் தாங்கியிருப்பேன். கடையில் காசைக் கொடுத்துவிட்டு, பொருள் இல்லை என்று கேட்டவர் பார்க்கும் பார்வை.

இறங்கி வரும் வழியில் என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே குடையை எனக்குப் பிடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை.

“நான் எறக்காம இருந்துதான் காப்பாத்துனேன். நீ எறக்கியே காப்பாத்திட்ட. என்னா மூளை ஒனக்கு!”

நிஜமாகவே ஜெயிக்கத்தான் இறக்கினேன் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாமி மேல் ஆணையாகச் சொன்னேன். சாமியையும் ஏன் இதில் இழுக்கிறாய், என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்றார். ராணி என்னிடம்தான் இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டார். அந்த மனுஷர் என்னை இவ்வளவு மெச்சியதே இல்லை. மெச்சிய ஒரே காரியம் நான் செய்யாத காரியம்.

திங்கட்கிழமை பெரிய கிளாக்கர் வந்தார். மேல் டிவிஷனில் பூட்டிக் கிடக்கிற குவார்ட்டர்ஸைப் புதுத் தம்பதிக்குத் திருத்திக் கொடுக்கச் சொல்லிவிட்டாராம் துரை. நீங்கள் இருக்கிற வரைக்கும் இருங்கள் என்றாராம். என் வீட்டுக்காரர் கிளாக்கருக்கு முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். அன்றைக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. வீடு வீடாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போனபோது நாற்காலிகள் பழையபடி இருந்தன. மழையும் இல்லை, காரணமும் தேவைப்படவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நானே பேன்ட்ரிக்குள் போனேன். துரைசாணி கப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மேடம், நான் அன்றைக்குச் சரியாகத்தான் ஆடினேன், கேள்வியைக் கேட்டு நியாயமாக இறக்கினேன், ராணி அங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியாது என்று சிங்களத்தில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் கேட்டுப் பழகிய தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, அன்பாகவே சொன்னார்:

“பரவாயில்ல மிஸ். எனக்கு வீடு போகுதுன்னா, நானும் அப்பிடித்தான் செய்வேன்.”

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். காது சுட்டது. அவருக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது, உடனே, அந்த மேசையிலேயே.

மூன்றாவது கையில் துரைசாணி ஆட்டின் கேட்டார், பிறகு கிளாவர் கேட்டார். துரை ஆட்டினே போதும் என்றார். நாலு ஆட்டின். முதல் சீட்டு என்னுடையது. கிளாவரில் என்னிடம் ஏஸும் ராணியும் ஜேக்கும். இரண்டு வருஷமாக இந்த இடத்தில் அவருக்கு நான் வேறு சீட்டு இறக்கியதே கிடையாது. துரும்பைத் தொட்ட விரலை எடுத்து, ஒரு சின்ன டைமனை வைத்தேன்.

டம்மியில் ஒரே ஒரு கிளாவர்தான் இருந்தது. துரைசாணி அதன் பிறகு மூன்று தடவை வெட்டினார். கேட்டதற்கு மேல் ஒன்று எடுத்தார். துரை மேசையைத் தட்டி, “ஹரிம ஹொந்தாய்” என்று சிங்களத்தில் மனைவியைப் பாராட்டினார். நான் கேட்க அது முதல் தடவை. துரைசாணி அவர் பக்கம் திரும்பவில்லை. நான் இறக்கிய டைமனை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, போன வாரம் தான் நினைத்தது சரிதான் என்பதுபோல, மெல்லத் தலையை ஆட்டினார்.